எஃப்சிக்கு மாட்டிய டயர்

முத்து முகம்மது வண்டியை விலைக்குப் பார்க்க வருகிறார் என்று உமாமகேஸ்வரி மருந்துக்கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தாள். நெரவியில் அவள் வீட்டின் பக்கவாட்டில், தார்ப்பாயின் அடியில், அந்த ஏழு பேர் போகிற வெள்ளை வண்டி இரண்டு மழைக்காலத்தைக் கழித்துவிட்டது. இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் தார்ப்பாயை விலக்கியதும் இடது பக்கத்து ஒட்டுவேலையைத்தான் பார்த்தார்கள். அடிபட்ட வண்டியா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஓர் ஆள் கிளம்பும்போது, இது சாவு விழுந்த வண்டி என்று அவள் காதில் விழும்படியே மனைவியிடம் சொன்னான்.

சாவு விழுந்தது உண்மைதான். உமாவின் கணவன் தமிழ்ச்செல்வன் அந்த வண்டியின் முன்சீட்டில்தான் செத்துப்போனான். ஓட்டியவன் அவன் இல்லை. உமாவின் கூடப்பிறந்த தம்பி நவநீதன்.

தமிழ்ச்செல்வன் மஞ்சள் போர்டு போட்டு வாடகைக்கு ஓட்டியவன். விமான நிலையம், வேளாங்கண்ணி, கல்யாணம், காரியம் என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டான். அன்றைக்கு சிங்கப்பூர் கிளம்பிய ஒரு குடும்பத்தைத் திருச்சியில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. அவனுக்கோ காய்ச்சல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மச்சினனுக்கும் வாடகை வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் உண்டு என்பதால் அவனைக் கூட்டிக்கொண்டு போனான். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, பொழுது நன்றாக வெளுத்த பிறகு, அம்பகரத்தூரைத் தாண்டி வண்டி சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. இடது பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. நவநீதனுக்கு வலது கை முறிந்ததோடு சரி.

ஆஸ்பத்திரியில் நவநீதன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். முன் டயர் வெடித்தது, ஸ்டியரிங் இழுத்துக்கொண்டு போய்விட்டது, பிடிக்க முடியவில்லை. உமா அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, கையில் கட்டோடு படுத்திருந்தவனை முகத்தில் அறைந்தாள். வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த மனுஷன். ஓடத் தகுதியான வண்டி என்கிற எஃப்சிக்குக் காட்டி இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எல்லாம் சரி என்று சான்று கொடுத்த வண்டிமேல் இவன் பழியைப் போடுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீசில் புகார் கொடுத்தவள் அவள்தான். தம்பி எப்போதும் வேகமாகத்தான் ஓட்டுவான் என்று கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னவளும் அவள்தான்.

டயர் வெடித்திருந்ததை யாரும் மறுக்கவில்லை. வெடித்ததால் மோதியதா, மோதியதால் வெடித்ததா என்பதுதான் வழக்கு. அரசுத் தரப்பு வக்கீல் எஃப்சியைத்தான் எடுத்துக் காட்டினார். அப்போதுதான் சோதித்து அனுப்பிய வண்டியில் டயர் தானாக ஏன் வெடிக்கப்போகிறது என்று கேட்டார். நவநீதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆறு மாதம் தண்டனை விதித்தார்கள். மேல்கோர்ட்டுக்கு மனுப்போட்டு ஜாமீனில் வெளியே இருந்தான். லைசென்ஸ் போயிற்று. நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெடுங்காட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான் என்று யாரோ சொல்லித்தான் உமாவுக்குத் தெரியும். அவள் அவனோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முத்து முகம்மது மற்றவர்களைப் போல ஒட்டுவேலையைப் பார்க்கவில்லை. அது தெரிந்துதான் வந்திருந்தார். அறுபதைத் தொடுகிற வயது, குவைத்தில் நெடுங்காலம் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்தவர். மஞ்சள் போர்டை மாற்றிச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டயரை உள்ளங்கையால் தடவினார். கைபேசி வெளிச்சத்தை அடித்து அதன் பக்கவாட்டில் எதையோ படித்தார். பிறகு எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா எஃப்சி காட்டுனப்ப போட்ட டயரு எங்கம்மா?"

உமாவுக்குப் புரியவில்லை. இதுதான் டயர் என்றாள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் பார்க்கவேண்டியது அதன் எஃப்சி ஜாதகத்தைத்தான். எப்போது காட்டினார்கள், எதற்குத் திருப்பி அனுப்பினார்கள், என்ன மாற்றிக்கொண்டு வந்து மறுபடி காட்டினார்கள் என்று தெரிந்தால் வண்டியின் நோய் தெரிந்துவிடும். அதனால் ஆர்டிஓ ஆபீசில் போய் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். கடைசித் தடவை இந்த வண்டியை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு டயரும் மொட்டை என்று காரணம். பத்து நாள் போலக் கழித்து நல்ல டயர் போட்டுக் காட்டியதும் பாஸாகியிருக்கிறது.

"அதுக்கப்புறம் வண்டி ஒரு மாசம்தான் ஓடியிருக்கு. ஒரு மாசத்துல டயரு இப்படித் தேயுமா? இதுல தேதி போட்டிருக்கான் பாருங்க. ஒம்பது வருசத்துக்கு முந்தி செஞ்ச டயரு."

உமா குனிந்து பார்த்தாள். டயர் எருமைத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. தினமும் பார்க்கிற டயர்தான். துணி காயப்போடும்போதெல்லாம் அதன் பக்கத்தில்தான் நிற்பாள். எஃப்சியில் முதலில் திருப்பி அனுப்பினார்கள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். தமிழ்ச்செல்வன் அன்று வீட்டுக்கு வந்து, வேலை முடிந்தது என்று மட்டும்தான் சொன்னான்.

விபத்துக்குப் பிறகு வண்டி எங்கெல்லாம் இருந்தது என்று பாய் கேட்டார். போலீஸ் நிலையத்தில் நின்றது, அங்கிருந்து கோட்டுச்சேரியில் தர்மராஜ் பட்டறைக்குப் போனது, ஒட்டி அடித்து வர்ணம் பூசி அங்கிருந்து வீட்டுக்கு வந்தது என்றாள். தர்மராஜ் தமிழ்ச்செல்வனின் சிநேகிதன். அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குக் காது சூடாயிற்று. செத்தவன் வீட்டு வண்டி, கேட்க ஆள் இல்லை என்று புது டயரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பியிருக்கிறான்.

முத்து முகம்மது டிக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே மடித்த சீட்டுக்குக் கீழே ஏதோ கிடந்ததை இழுத்துக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மூடினார். டயர் போனால் போகிறது, வேறு போட்டுக்கொள்ளலாம், ஆனால் டயரில் கை வைத்தவன் இன்னும் எதில் எல்லாம் கை வைத்தான் என்று தெரியாமல் வாங்கமுடியாது என்றார். இப்போதே போய்க் கேட்டுவிடலாம் என்று உமா செருப்பை மாட்டினாள். அவர் ஸ்கூட்டரில் போனார். அவள் பஸ் பிடித்து, காரைக்காலில் இறங்கி மாறி, கோட்டுச்சேரிக்குப் போனாள். பஸ்ஸில் இருந்த நேரம் முழுவதும் தர்மராஜிடம் கேட்கவேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே போனாள்.

தர்மராஜ் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அவள் குரலைக் கேட்டதும் வெளியே வந்து, வா தங்கச்சி என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. எங்கள் வீட்டு டயர் எங்கே என்று கேட்டாள். அவன் விழித்தான். அவள் விடவில்லை. எஃப்சிக்குப் போட்ட டயர் நாலும் எங்கே, அந்த மனுஷன் காடாறும் முன்னே கழற்றிவிட்டாயா, உனக்குச் சோறு போட்ட வீடு அது என்று கேட்டுக்கொண்டே போனாள். அடுத்திருந்த டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்து முகம்மது பட்டறை வாசலிலேயே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தர்மராஜ் ஆரம்பத்தில் சமாதானம் சொன்னான். போலீஸ் நிலையத்தில் மாறியிருக்கும், விசாரிப்போம் என்றான். திருடன் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"உன் வீட்டு டிக்கியில வெடிச்ச டயரு கெடக்குல்ல? போய்ப் பாரு. அதுவும் மொட்டைதான், அதே பழசுதான். நான் களவாண்டேன்னா, வெடிச்சதையுமா எடுத்துட்டு வேற வெடிச்சத வச்சேன்?"

உமா பாயைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை அசைத்தார். டிக்கியில் அவர் பார்த்தது அதைத்தான்.

"அப்ப புது டயரு?"

தர்மராஜ் பட்டறையின் பின்பக்க மூலையைக் கைகாட்டினான். சாக்கு போர்த்தி நாலு டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தரையைப் பிடிக்கிற பட்டனெல்லாம் தேயாமல் புதுக் கருக்கோடு இருந்தது.

அதற்குப் பிறகு அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான். அது எஃப்சி டயர். அதற்கென்றே வைத்திருக்கிற செட். எஃப்சிக்குத் தேதி வருகிற வண்டிக்காரர்கள் ஒருநாள் வாடகைக்கு எடுத்து மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தங்கள் பழைய டயரை மாட்டிக்கொள்வார்கள். அதிகாரி அன்றைக்குப் பார்ப்பது நல்ல டயர்தான், அவர்மேல் குற்றம் இல்லை. தமிழ்ச்செல்வனும் அப்படித்தான் வாங்கினான். புதுசு போட்டுவிடு என்று தான் சொல்லத்தான் செய்ததாகவும், வைகாசி முகூர்த்தச் சவாரியெல்லாம் முடியட்டும், போட்டுவிடலாம் என்று அவன் சொன்னதாகவும் தர்மராஜ் சொன்னான். எல்லாரும் செய்வதுதான் என்று இரண்டு முறை சொன்னான்.

இதை ஏன் கோர்ட்டில் வந்து சொல்லவில்லை என்று உமா கேட்டாள். யார் என்னைக் கூப்பிட்டார்கள் என்றான். பிறகு, இப்போதும் கூப்பிட்டால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்வேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றான். அவளுக்கு உதவி செய்கிறவன் மாதிரி இன்னொன்றும் சொன்னான். வண்டியை இங்கே கொண்டுவந்து விடு, அந்த நாலையும் மாட்டி மறுபடி எஃப்சி காட்டி, நாகப்பட்டினம் பக்கம் தெரியாத ஆளாகப் பார்த்துத் தள்ளிவிடலாம்.

அவள் வாசலுக்கு வந்தாள். முத்து முகம்மது பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். 

"வண்டி எனக்கு வேணாம்மா. தப்பா நெனைக்காதீங்க," என்றார். "ஆனா அத வித்துடாதீங்க. அந்த வெடிச்ச டயரும் மத்த மூணும் அப்படியே இருக்கட்டும். வண்டி ஓட்டுன புள்ளைக்கி வேற சாட்சி இல்ல."

அந்தப் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. என் தம்பி பாய் என்றாள் உமா. அவர் யா அல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, தன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. டிக்கியைத் திறந்து அந்த டயரை வெளியே இழுத்துப் போட்டாள். வெடித்துப் பிளந்த இடத்தில் உள்நூல் நரை முடி போலப் பிரிந்து நின்றது. வெடிக்காத இடங்களிலும் ரப்பர் தேய்ந்து அதே நூல் வெளியே தெரிந்தது. தமிழ்ச்செல்வன் தினமும் காலையில் வண்டியைக் கழுவுவான். சாமி படத்துக்குப் பூ வைப்பான். கண்ணாடியை மகள் கீர்த்திகாவின் பழைய பாவாடையால் துடைப்பான். அவன் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துக்கொண்டே ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். பள்ளி விடுமுறையில் கீர்த்திகாவையும் அவளையும் இதே டயரில்தான் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனான். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அவன்மேல் கோபம்தான் வந்தது. செத்தவன்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வார விடுமுறையில் நெடுங்காட்டுக்குப் போனாள். அரிசி ஆலையின் வாசலில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உமிப்புழுதியில் எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள். நவநீதனை அவன் கையை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். முறிந்து கூடிய வலது கை கொஞ்சம் வளைந்திருந்தது. மூட்டையை இடது தோளில் மட்டுமே வாங்கினான். அவளைப் பார்த்தும் மூட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் வந்தான். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். இருபத்தெட்டு வயதுக்காரன், நாற்பது மாதிரி இருந்தான்.

வா அக்கா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. கீர்த்திகா நல்லாருக்காளா என்றுதான் கேட்டான்.

உமா தர்மராஜ் பட்டறைக்குப் போய்வந்ததைச் சொன்னாள். எஃப்சி டயரைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

"பழச எடுத்து மாட்டுனது யாருன்னு அவரு சொன்னாரா?"

"இல்ல."

"நான்தான்க்கா."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எஃப்சி பாஸான மறுநாள் அத்தான் போன் செய்து, செட்டைச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்கணும், நீ போய் மாற்றிக்கொண்டு வா என்றார். போய் ஜாக்கி போட்டு நாலையும் கழற்றிப் பழசை மாட்டினான். முன்பக்கம் இடது டயரில் நூல் தெரிந்தது. அதை மட்டும் ஸ்டெப்னியோடு மாற்றலாமா என்று பார்த்தால் ஸ்டெப்னி அதைவிட மோசம். அத்தானிடம் சொன்னான். பார்த்துக்கலாம்டா, அடுத்த மாசம் போட்டுடலாம் என்றார் அத்தான்.

"இத ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"வெடிச்சிடுச்சின்னு சொன்னதுக்கே அறைஞ்ச. அத்தான் தெரிஞ்சே ஓட்டுனாருன்னு சொல்லியிருந்தா என்னைய என்ன பண்ணிருப்ப?" அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "அதுமட்டும் இல்லக்கா. மாத்துனது என் கையி. நூலு தெரிஞ்சத பாத்தவனும் நானு. அத்தானுக்கு ஒடம்பு அனலா கொதிச்சிது, சீக்கிரம் வீட்டுக்குப் போடான்னாரு. நானும் மிதிச்சேன். வேகமாத்தான் வந்தேன். நீ கூண்டுல சொன்னது பொய் இல்ல."

உமா அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய வளைந்த கையைத் தொடப் போனாள். அவன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். மேல்கோர்ட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றாள். சொல்லு, சொல்லாமலும் இரு, உன் இஷ்டம் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். லோடு நிற்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

அவள் திரும்பி வந்து கணவனின் அண்ணன் திருஞானசம்பந்தத்திடம்தான் முதலில் சொன்னாள். ஒரே மனையில் முன்கட்டில் அவர் குடும்பம், பின்கட்டில் அவள். தமிழ்ச்செல்வன் போன பிறகு குடும்பத்துக்கு மூத்தவராக எல்லாவற்றையும் முன்னின்று செய்தவர் அவர். கீர்த்திகாவின் பள்ளிக்கூடத்துக்கும் அவரே போய்க் கையெழுத்துப் போடுவார். அவர் முழுவதையும் கேட்டார். உன் தம்பிக்காரனைக் காப்பாற்றுவதற்காக என் தம்பியைக் கொலைகாரனாக்கப் பார்க்கிறாயா என்றார். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியமா என்றார். உண்மை அதுதான் மாமா என்றாள் அவள்.

"உண்மையாவே இருக்கட்டும். அவன் பேரு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் நீயே தெருவுல போடப்போறியா?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பது உமாவுக்குத் தெரியும். அதனால்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு கட்டுக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தினார்கள். அந்த வருடத் திவசத்துக்குப் பிண்டம் வைத்தது அண்ணன்தான். அவளையும் கீர்த்திகாவையும் யாரும் கூப்பிடவில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் கதவிடுக்கு வழியே பின்கட்டுக்கு வந்தது.

நவநீதனின் வக்கீலம்மா காரைக்கால் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு மாடியில் இருந்தாள். உமா சொன்னதைக் கேட்டுவிட்டு, கீழ்க்கோர்ட்டில் எதிராகச் சாட்சி சொன்ன நீங்களே இப்போது மாற்றிச் சொன்னால் கடினம், ஆனால் டயர் பேசும் என்றாள். மனுப்போட்டாள். டயர்களை எடுத்துப்போய்ச் சோதிக்கக் கோர்ட் உத்தரவிட்டது. முத்து முகம்மது, கோர்ட் அழைத்த அன்றைக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தர்மராஜ், என் பட்டறையில் அப்படி ஒரு செட்டே கிடையாது என்றான். போய்ப் பார்த்தபோது அந்த மூலை காலியாகத்தான் இருந்தது.

பழைய டயர்தான், நூல் தெரியும் அளவு தேய்ந்துதான் இருந்தது என்று சோதனையில் வந்தது. உமாவுக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் நீதிபதி நவநீதனையும் கேட்டார். டயர் அப்படி இருந்தது உனக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்று சொல் என்று வக்கீலம்மா முன்கூட்டியே படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தாள். அவன் தெரியும் என்றான். மாட்டியதே நான்தான் என்றும் சொன்னான். எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்றதற்கும் உள்ளதைச் சொன்னான்.

தேய்ந்த டயர் என்று தெரிந்தே வேகமாக ஓட்டியதும் அஜாக்கிரதைதான் என்று தீர்ப்பு வந்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. வண்டியின் சொந்தக்காரருக்கும் அதில் பங்கு உண்டு, அவர் இப்போது உயிரோடு இல்லை என்பதைக் கருதி, ஆறு மாதத் தண்டனையைக் குறைத்து, அன்றைக்குக் கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்கவேண்டும் என்று மாற்றினார்கள். நவநீதன் சாயங்காலம் வரை சுவரோரம் நின்றான். மற்ற வழக்குகள் நடந்தன. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். உமா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். கலைந்ததும் வெளியே வந்தான். லைசென்ஸ் இனி வராது என்று வக்கீலம்மா சொன்னதற்குச் சரி என்றான். ஏதாவது சாப்பிடுடா என்று உமா பெட்டிக்கடையில் பன் வாங்கிக் கொடுத்தாள். பாதியைத் தின்றான். நெடுங்காட்டு பஸ் வந்ததும் ஏறிக்கொண்டான். ஏறும்போது, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா அக்கா என்று கேட்டான்.

அவளுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று வீட்டில் இருந்தது. அப்பா செத்தபோது கீர்த்திகாவுக்கு ஏழு வயது. மாமன்தான் அப்பாவைக் கொன்றுவிட்டான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரும் இல்லை, பெற்ற தாய்தான். ஒரு தடவை கடைத்தெருவில் தூரத்தில் நவநீதனைப் பார்த்துவிட்டுக் குழந்தை பயந்து உமாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். அன்றைக்கு உமாவுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஆரம்பித்தாள். மாமா நாளைக்கு வருவார் என்றாள். பின்னலுக்குள் குழந்தையின் கழுத்து விறைப்பதைக் கை உணர்ந்தது. டயரைப் பற்றிச் சொன்னாள். எஃப்சி என்றால் என்ன, எதற்காக நல்ல டயரை ஒரு நாளைக்கு மட்டும் மாட்டுவார்கள், அப்பா என்ன செய்தார், மாமா என்ன செய்தார் என்று மெதுவாக, எதையும் விடாமல் சொன்னாள். மாமாவை மட்டும் குற்றவாளியாக்கியது அம்மா செய்த தப்பு என்றும் சொன்னாள்.

கீர்த்திகா திரும்பாமலே கேட்டாள்.

"அப்பாவுக்கு டயரு நல்லா இல்லன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நம்மள அதுல கூட்டிட்டுப் போனாரா?"

உமா ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டார் என்று சொன்னாள். நம்மேல் பாசம் இல்லாமல் இல்லை, ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தார் என்று மறுபடி சொன்னாள். குழந்தை பாதிப் பின்னலோடு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நவநீதன் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு சீப்பு பூவம்பழம். அவன் குரல் கேட்டதும் முன்கட்டில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் வந்தது. பின்கட்டில் கீர்த்திகா அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். உமா தட்டிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். விடுக்கா என்றான் நவநீதன். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தான். வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. கோர்ட் வேலை முடிந்ததும் உமா அதைக் காயலான் கடைக்காரனை வரச்சொல்லி, உடைத்து எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில் கொடுத்துவிட்டாள். மண்ணில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு போடட்டுமா என்றாள். அடுத்த வாரம் சாப்பிடுகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். கீர்த்திகா தாழைத் திறக்கவில்லை. உமா படியிலேயே இலை போட்டாள். அவன் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு, வளைந்த வலது கையால் மெதுவாகச் சாப்பிட்டான்.